வேகவைத்ததாயினும்

அந்த உத்தரவைத் தமிழில் எழுதியவன் நான்தான். இத்தனை நாள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது ரிட்டையராகிவிட்டேன், பென்ஷனை யாரும் நிறுத்த முடியாது. சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷம். எங்கும் அரிசித் தட்டுப்பாடு. ஒரு ஜில்லாவில் விளைந்த நெல்லும் அரிசியும் பெர்மிட் இல்லாமல் அடுத்த ஜில்லாவுக்குப் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் எங்கள் தென்னாற்காட்டுக்கும் நடுவில் கொள்ளிடம். பாலத்தின் தென்கோடியில் அவர்கள் சோதனைச் சாவடி, வடகோடியில் எங்கள் சாவடி. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா, பெயர் சிற்றம்பலம். எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் மேலதிகாரிக்கு அந்த மாதம் ஒரு வேகம் வந்துவிட்டது. எங்கள் சாவடிக்குப் போக வேண்டிய இங்கிலீஷ் உத்தரவு என் மேஜைக்கு வந்தது.

அதில் 'ரைஸ், ரா ஆர் பாயில்ட்' என்று இருந்தது. பச்சரிசி, புழுங்கலரிசி. அவ்வளவுதான் விஷயம். மூன்று வேளையும் புழுங்கலரிசிச் சோறு தின்கிறவனுக்கு இது தெரியாதா? ஆனால் அன்றைக்கு நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அகராதி பக்கத்தில் இருந்தால் எனக்கு மூளை லீவு போட்டுவிடும். 'அரிசி, பச்சையாயினும் வேகவைத்ததாயினும்' என்று எழுதினேன். ஓசை நன்றாக இருந்தது. மேலதிகாரி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து "பலே" என்றார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்து உத்தரவு சாவடிக்குப் போய்விட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் மலிகாவுக்கு நிக்காஹ். மலிகா என் சிநேகிதன் அப்துல் வதூதின் மகள். வதூது முதுநகரில் என்னோடு படித்தவன், அப்போது சிதம்பரத்தில் கைலிக் கடை வைத்திருந்தான். அவனுடைய அக்காள் ஆசியா உம்மாள் கொள்ளிடத்தின் தென்கரையில் இரண்டு காணி நிலத்தைத் தானே நின்று பயிர் செய்கிறவள். பிள்ளை இல்லாதவள். மலிகா பிறந்த அன்று குழந்தையைக் கையில் வாங்கி, "ஒன் நிக்காஹ் சோறு என் நெல்லுலதான்" என்று சொல்லியிருந்தாள். அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய பேச்சு. அப்போது பாலத்தில் சாவடி கிடையாது.

அவள் சொன்ன சொல்லை விடுகிற ஆள் இல்லை. சர்க்காருக்கு லெவியாக அளந்தது போக மிச்சமிருந்த சம்பா நெல்லைத் தன் வீட்டுக்குக்கூடத் தொடாமல் வைத்திருந்தாள். பெர்மிட்டுக்காக மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினாள். கல்யாணத்துக்கெல்லாம் பெர்மிட் கிடையாது என்று மூன்றிலும் ஒரே பதில். கடைசியில் என்னைப் பிடித்தாள்.

"ஏன் தம்பி, அரிசிதான போவக்கூடாது? ஆக்குன சோறு போவலாமில்ல?"

"தாராளமா போவலாங்கக்கா. சட்டத்துல சோத்தப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது" என்றேன். சட்டம் தெரிந்தவன் என்ற பெருமையில் சட்டைக் காலரை வேறு இழுத்து விட்டுக்கொண்டேன்.

கல்யாணத்தன்று விடியும்போதே அவள் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. நாலு பெரிய தேக்சா நிறைய நெய்ச்சோறு, ஒரு அண்டா தாளிச்சா. காலையில் சிதம்பரத்தில் நிக்காஹ், மதியத் தொழுகை முடிந்ததும் விருந்து. மாட்டு வண்டியில் தேக்சாக்களை ஏற்றி, நடுவில் அவள் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாளே ஒத்தாசைக்கு வந்திருந்த நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். தென்கோடிச் சாவடியில் இருந்தது இங்கிலீஷ் உத்தரவு. அங்கிருந்தவர் மூடியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "சோறா? போங்க, போங்க" என்றார். அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது எனக்கே தெரிந்தது.

வடகோடியில் சாமிக்கண்ணு நின்றிருந்தான். முப்பது வயசு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கையில் எங்கள் உத்தரவு.

"உள்ள என்னாங்க?"

"நெய்ச்சோறு தம்பி. கல்யாண வூட்டுக்கு."

"வெந்துதாங்க?"

ஆசியா உம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேகாம? மல்லிப்பூவாட்டம் வெந்திருக்குது. வேணும்னா ஒரு பருக்க எடுத்து நசுக்கிப் பாரு."

"அப்ப போவக்கூடாதுங்க" என்று அவன் உத்தரவைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி படித்தான். "அரிசி, பச்சையாயினும் வேகவைத்ததாயினும், வண்டியிலோ தலையிலோ கையிலோ எடுத்துச் செல்லப்படலாகாது."

என் வாக்கியத்தை ஆபீஸுக்கு வெளியே கேட்டது அதுதான் முதல் தடவை. ஓசை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நான் மெல்ல வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவள் கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். அவன் மசியவில்லை. கை நீட்டுகிற ஆளாக இருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். பாவி, நேர்மையானவன். அந்த நேரம் பார்த்துத் தென்கரையிலிருந்து ஒரு பெண் தூக்குச் சட்டியோடு பாலத்தில் நடந்து வந்தாள். சாமிக்கண்ணுவின் மனைவி மலர்க்கொடி, புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள்.

ஆசியா உம்மாள் வண்டியை விட்டு இறங்கினாள். "அதுல என்னாம்மா?"

"சோறுதாங்க. ராத்திரி மிஞ்சுனது, புளி ஊத்திக் கெளறியிருக்குறேன்."

"வெந்த சோறா?"

மலர்க்கொடி சிரித்தாள். சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய் உத்தரவைப் பார்த்தான், தூக்கைப் பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரை எடுத்து எழுதினான். 'பொருள்: சோறு, ஒரு தூக்கு. கொண்டுவந்தவர்: மலர்க்கொடி. உறவு: என் சம்சாரம்.' எழுதி முடித்துத் தூக்கை வாங்கிச் சாவடிக்குள் பலகைமேல் வைத்தான்.

"யோவ், திங்கலியா?"

"கைப்பத்துனதத் திங்கக்கூடாது. நாலாவது பாரா இருக்குது. யாராச்சும் சர்க்கார் சிப்பந்தி வந்தா, அவரு கையில குடுத்து கடலூருக்கு அனுப்பணும்."

"அப்ப பட்டினி கெட" என்று சொல்லிவிட்டு மலர்க்கொடி வந்த வழியே திரும்பிவிட்டாள்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "தம்பி, அந்த உத்தரவ எழுதுனது நான்தான்" என்றேன். "பாயில்ட் ரைஸுன்னா புழுங்கலரிசி. நான்தான் வேகவச்சதுன்னு தப்பா எழுதிட்டேன்."

ஆசியா உம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சாமிக்கண்ணு மரியாதையாகவே பதில் சொன்னான். "நீங்களே எழுதியிருக்கலாம் சார். ஆனா கையெழுத்து பெரியவரு போட்டுட்டாரு. மாத்தறதுன்னா முத்திரையோட இன்னொரு கடுதாசி வரணும்."

மணி பன்னிரண்டு. சிதம்பரத்தில் பந்திப்பாய் விரித்திருப்பார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வதூதின் மானம் என்ன ஆவது? ஆசியா உம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூன்று விரலை மடக்கினாள்.

"தம்பி, வண்டியில, தலையில, கையில. வேற எதுலயும்னு போட்டிருக்குதா?"

சாமிக்கண்ணு மறுபடி படித்துப் பார்த்தான். "இல்லீங்க. இந்த மூணுதான்."

"வவுத்துல?"

"வவுறு... போடலீங்க."

"வண்டியத் திருப்புடா" என்றாள் வண்டிக்காரனிடம். என் பக்கம் திரும்பி, "சோறு அங்க வராது. சனத்த இங்க கூட்டியா" என்றாள்.

அவ்வழியே வந்த முதல் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சிதம்பரம் போனேன். வதூதைத் தனியாக இழுத்து நடந்ததைச் சொன்னேன். "மச்சான், ஒன்னயப் போயி சட்டம் தெரிஞ்சவன்னு நெனச்சனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். மாப்பிள்ளையின் பெரிய மாமா நூருல் அமீன்தான் எங்களுக்குப் பயம். எதிலும் குறை காண்கிற மனிதர். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொப்பி நழுவும்படி சிரித்தார். "சாப்பாட்டுக்கு ஜில்லா தாண்டுன சம்பந்தி நாமதான்யா மொதல்ல. ஏறுங்க பஸ்ஸுல!"

பஸ் மூன்று நடை அடித்தது. தென்கரைத் தோப்பில் பாய் விரித்து, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், ஒரு சஹன் தட்டுக்கு நாலு பேர் என்று சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். என் பிழையை நானே இரண்டு கை அள்ளித் தின்றேன், அருமையாக இருந்தது. ஆசியா உம்மாள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பாலத்து நடுவில் இருந்த எல்லைக் கல்வரைக்கும் போய் நின்றாள். "சாமிக்கண்ணு! கல்லுக்கு இந்தாண்ட ஓரடி வந்து தின்னுட்டுப் போ. இது தஞ்சாவூரு ஜில்லா!" அவன் வந்தான். கண்ணைச் சாவடிமேலேயே வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றான். ஒரு பருக்கைகூட எல்லை தாண்டாமல் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

எல்லாரும் சாப்பிட்டாயிற்று. ஒரு ஆளைத் தவிர. நிக்காஹ் முடிந்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவரை வாசல் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மலிகா சிதம்பரத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தாள். யாருக்காக அந்த நெல் விளைந்ததோ அவளுக்கு ஒரு வாய் கிடையாது.

கடைசி நடையில் ஆசியா உம்மாளும் நானும் ஏறினோம். வடகோடியில் சாமிக்கண்ணு கை காட்டி நிறுத்தினான்.

"எல்லாரு வவுத்துலயும் வெந்த அரிசிதான். இறக்கிப் பாக்குறியா?" என்றாள் அவள். குரலில் பழைய துடுக்கு இல்லை. அவன் நேராக அவள் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துணி சுற்றிய ஒரு டிபன் கேரியரை இழுத்தான். நெய் வாசனை பஸ் முழுக்கப் பரவியது.

"தம்பி, கல்யாணப் பொண்ணுக்கு. அந்த ஒரு புள்ளைக்கு மட்டும்தான்" என்றவள் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சாமிக்கண்ணு ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து எழுதினான். 'பொருள்: நெய்ச்சோறு, ஒரு கேரியர். கைப்பற்றப்பட்டது.' எழுதிவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், நீங்க சர்க்கார் சிப்பந்திதான?"

"ஆமாம்."

"அந்த நாலாவது பாராவையும் நீங்கதான எழுதுனீங்க? மிச்சத்தையும் படிங்க."

படித்தேன். 'கைப்பற்றிய பொருள் அரசுச் சிப்பந்தி வசம் கடலூருக்கு அனுப்பப்படல் வேண்டும். கெடக்கூடிய பொருளாயின், அவர் அதனை வழியிலேயே சாட்சி முன்னிலையில் அழித்துவிடலாம்.'

"சிதம்பரம் வழியாத்தான போவீங்க?" என்று கேரியரை என் மடியில் வைத்தான். கூடவே ரிஜிஸ்டரிலிருந்து கிழித்த ஒரு தாளையும் கொடுத்தான். "சாட்சி கையெழுத்து மட்டும் ஒழுங்கா வாங்கியாங்க. என் தூக்கு இருக்கட்டும், அது ஏற்கனவே பழசு."

சிதம்பரம் போகிறவரை ஆசியா உம்மாள் என் மடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தானே கொண்டு போகிறேன் என்றும் கேட்கவில்லை, சட்டம் சட்டம்தான். வீட்டில் மலிகா பட்டுப் புடவையோடு காலை நீட்டி உட்கார்ந்து கேரியரின் மூன்று அடுக்கையும் காலி செய்தாள். முதல் பிடி மட்டும் அவளுடைய மாமி ஆசியா உம்மாள் ஊட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் தாளையும் பேனாவையும் நீட்டினேன். 'மேற்படி வேகவைத்த அரிசி சாட்சி முன்னிலையில் முழுவதும் அழிக்கப்பட்டது' என்று நானே எழுதியிருந்தேன். மலிகா நெய்க்கையைத் துடைத்துக்கொண்டு அதை நிதானமாகப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். பிறகு யோசித்து, கீழே ஒரு வார்த்தை சேர்த்தாள்.

'பத்தவில்லை.'