இயற்பியலுக்கு இன்னும் ஒரு ஆள்

டிவியில் அந்தச் சண்டையைப் போட்டால் நான் போய் வெங்காய மூட்டையைத் தூக்க வேண்டும்.

பத்து விநாடிச் சண்டை. தாதம்பாறை பஸ் ஸ்டாண்டில் லோகேஷ், கூடப் படித்த ரகுநாத்தை அறைவான். பின்னால் ஒரு ஆள் மூட்டையோடு போவான். அது நான்.

சண்டை நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பரோட்டாவுக்கு இரண்டாம் தடவை சால்னா கேட்டதில் வந்தது. சேனல்காரர்கள் அதற்கு ‘கல்வி நகரமா, கலவர நகரமா?’ என்று பேர் வைத்தார்கள். எங்கே எது நடந்தாலும் இதைத்தான் போடுகிறார்கள். போடும்போதெல்லாம் நாங்கள் செய்தாக வேண்டும். ஒருநாள் போகாமல் இருந்து பார்த்தேன். கால் தானாகப் போனது.

லோகேஷ் படிப்பை முடித்துவிட்டான். அறைவதற்காக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ரூம் எடுத்திருக்கிறான். ரகுநாத்துக்குக் கல்யாணமாகிவிட்டது. அவன் மனைவி கன்னத்துக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவாள்.

இதனால் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் வருவதில்லை. ஐந்து பேர் சேராத துறையை எடுத்துவிடுகிறார்கள். போன மாதம் வேதியியலை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் பால் தயிராவதில்லை. கணிதத்தை எடுத்ததும் கண்டக்டர்கள் மீதிச் சில்லறை கொடுப்பதை நிறுத்தினார்கள். அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என் மகள் மோனிஷா இயற்பியலுக்குப் போட்டிருந்தாள். வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க எனக்கு வக்கில்லை. இங்கே இல்லையென்றால் அவளுக்குப் படிப்பில்லை.

கடைசி நாளன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒரு அம்மா இருந்தார்.

“இயற்பியலுக்கு நாலு பேரு இருக்காங்க. உங்க பொண்ணு, நம்ம வாட்ச்மேன், அப்புறம் அந்த அடிக்கறவரு, அடி வாங்கறவரு.”

“இன்னொரு ஆளு வரலைன்னா?”

“சாயங்காலம் ஆபீஸ் மூடும்போது எடுத்துருவோம்.”

“துறையைங்களா?”

“இயற்பியலை.”

“நான் சேர்ந்துக்கறேங்க.”

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“எட்டாவது.”

“அப்ப மூட்டைக்குக் கிளம்புங்க. இப்ப போடுவான்.”

ஐந்தாவது ஆளைப் பிடிக்க மோனிஷாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஒரு பஸ் வந்தது. படியில் ஒரு பெண் பெட்டியோடு நின்றாள். பின்னால் அவள் அப்பா. மோனிஷா ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சப்ஜெக்டு?”

“பிசிக்ஸ், அக்கா.”

“இறங்கு, இறங்கு. யோசிக்காத.”

டீக்கடை நல்லதம்பி டிவியைப் பார்த்துக் கத்தினான். “மாமா, போட்டுட்டான்!”

நான் மூட்டையைத் தூக்கினேன். லோகேஷ் அறைந்தான்.

“சார், இது பழைய சண்டைங்க” என்றேன் அந்த அப்பாவிடம், மூட்டைக்கு அடியிலிருந்து.

“பழசுன்னா இன்னும் ஏன் அடிக்கறான்?”

“டிவியில போடறாங்க சார்.”

“நடக்காமயா போடுவாங்க?”

ரகுநாத் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கும்பிடு போட்டான். “அமைதியான ஊரு சார். மூணு வருஷமா இங்கதான் நிக்கறேன்.”

சேனல் மறுபடி போட்டது. லோகேஷ், “சாரிடா மாப்ள” என்று சொல்லிவிட்டு அறைந்தான்.

அந்த அப்பா எங்களைப் பார்க்கவில்லை. போனில் அதே சண்டையைப் பார்த்தார். போனில் மியூசிக் இருந்தது. அறைகிற கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது.

“ஏறும்மா” என்றார் மகளிடம்.

“அப்பா, நம்ம ஊர்லயும்தான் அடிச்சுக்கறாங்க.”

“அது டிவியில வரல.”

பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் எந்த பஸ்ஸும் நிற்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸை மூடினார்கள். மூட்டை கனக்கவில்லை. அமுங்கிக் கிடந்த என் கழுத்து எலும்பு சடசடவென்று நிமிர்ந்தது. நல்லதம்பி ஆற்றிய டீ கிளாஸில் இறங்காமல் மேலே போனது. மண்டிக்காரர் எட்டிப்பார்த்தார். “வெயிட்டே இல்லாததுக்கு என்னய்யா கூலி?” என்று கேட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் தரையிலேயே நின்றேன். சுமந்த உடம்பு.

மோனிஷா எதையும் பிடிக்கவில்லை. அவள் கால் தரையை விட்டுக் கிளம்பியது. மூட்டைக் கயிற்றை வீசினேன். இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறுமுனை என் கையில் இருந்தது.

“நியாயமாப் பாத்தா நான் கீழதான்ப்பா வரணும்.”

“அது ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடிம்மா.”

“கயித்தை விட்டுறாத.”

“விடுவனா சாமி?”

“மாமா, போட்டுட்டான்!” என்றான் நல்லதம்பி.

மூட்டைக்கு இரண்டு கையும் வேண்டும். லோகேஷின் கை அறையப் போயிருந்தது. ரகுநாத்தின் கை கன்னத்தில் இருந்தது. நல்லதம்பி பாய்லரைக் கட்டிப்பிடித்திருந்தான். என் கால் மூட்டையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. கயிற்றை மூட்டையில் கட்டினேன்.

மூட்டைக்கும் எடை இல்லை.

இரண்டும் சேர்ந்து மேலே போயின. நான் வெறும் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்தேன்.

“மேல பாக்காத மாமா. டிவியில நீ குனிஞ்சுதான் போவ.”

மேலேயிருந்து மோனிஷா கூப்பிட்டாள். நான் குனிந்தபடியே போனேன்.