லாலான் புல்லில் ஒரு தகரப் பெட்டி

அர்ச்சுனன் என்கிற அந்தப் பல்கலைக்கழகத்துக்காரனை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். எண்பத்தாறில், மலேசியாவில் தாப்பா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஜீப்பில் வந்தான். காட்டுக்குள் ஒரு தகரப் பெட்டி, ரப்பர் மரத்தடியில் ஒன்று, லாலான் புல்லில் ஒன்று என்று மண்மேல் கவிழ்த்து வைத்தான். மண் நைட்ரஜன் ஆக்சைடு என்றொரு வாயுவை விடுகிறதாம். எந்த இடத்து மண் எவ்வளவு விடுகிறது என்று அளக்கிறானாம். விட்டால் விட்டுப் போகட்டும், இங்கே யார் அழுதார்கள்?

அந்த லாலானில்தான் என் செவலைப் பசு மேயும். புருஷன் போன பிறகு, அதன் பாலை டவுனில் ஜைனுலாப்தீன் கடைக்கு ஊற்றித்தான் மகள் பாப்பாவைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

நெடுநாள் வெயிலுக்குப் பிறகு ஒருநாள் மழை கொட்டியது. மறுநாள் லாலான் பெட்டியில் வாயு எக்கச்சக்கமாக ஏறிவிட்டதாம். லயத்தில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, ஒங்க மாடு பெட்டிகிட்ட மூத்திரம் பேஞ்சிருக்கு. என் வேலையே கெட்டுப்போச்சு."

"நீ பாத்தியா? கால்ல புண்ணு வந்து அது கொட்டாயிலதான் கட்டிக் கெடக்கு."

"அப்ப வேற எதுனால ஏறும்?"

"படிச்சவன் நீதான்லா. என்னைக் கேக்குற."

நேரே மானேஜரிடம் போனான். ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடு போகவேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று ஆபீஸ் கணக்கர் கிராணி வந்து சொன்னார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. புண்ணுக்கால் மாட்டை வளர்க்க எவன் வாங்குவான்? லகாட் ஊர் இறைச்சிக்காரன்தான் லாரியோடு வந்தான். செவலை ஏறமாட்டேன் என்று நின்றது. நானே முதுகில் தட்டி ஏற்றிவிட்டேன்.

பாப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஈப்போவில் ஃபேக்டரி வேலைக்குப் போனாள்.

மறுபடி வெயில் காய்ந்தது, மறுபடி மழை பெய்தது. அடுத்த நாள் காலையில் அர்ச்சுனன் ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, திரும்பவும் அதே மாதிரி ஏறிருச்சு. காஞ்ச மண்ணுல மழை விழுந்தா மண்ணே விடுதுக்கா. ஒங்க மாட்டு மேல தப்பே இல்ல. மானேஜர்கிட்ட நான் பேசுறேன், திரும்பக் கொண்டாந்து கட்டிக்கங்க."

கொட்டகையில் தொங்கிய கயிற்றை எடுத்துவந்து அவன் கையில் திணித்தேன்.

"லகாட்டுல கூறு போட்டு வித்தாச்சு. போயி ஓட்டிட்டு வா."