அண்ணனுக்குச் செய்த உதவி

"எட்டாவதே தாண்டாதவ, கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். இன்று அதே சித்தப்பா அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்க, அவள் அடியில் வெள்ளைத் துணியை விரித்தாள். விடிந்த சற்று நேரத்தில் அப்பாவின் உயிர் போயிருந்தது.

"மெதுவா, வக்கீலம்மா," என்றார் சித்தப்பா. அந்தப் பட்டமும் அவர் சூட்டியதுதான்.

அப்பா வேலை பார்த்த கிடங்கு எரிந்து காவல்காரர் கருகிச் செத்த வருடத்தில்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். அந்த நேரத்தில் காவல்காரரைத் தவிர கிடங்கில் இருந்தவர் அப்பா ஒருவர்தான் என்று, வேலைக்கு வந்ததும் இயந்திரத்தில் அடிக்கும் வருகைக் கார்டு சொன்னது. "பிள்ளைக்குக் காய்ச்சல், நான் வீட்டை விட்டே கிளம்பலங்க," என்று அப்பா கெஞ்சினார். தீ வைத்தது நீதான், கார்டு பொய் சொல்லுமா என்று கேட்டு உள்ளே தள்ளினார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை அவள்தான். தண்டனை முடிந்து திரும்பியவர் இருமலையும் கூடவே கொண்டுவந்தார்.

வாய் திறந்து யாரிடமும் கேட்கத் தெரியாதவள் நூலகத்துக்குப் போனாள். பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டினாள். கம்ப்யூட்டர் காலியாக இருந்தால் நூலகர் கண்ணால் கூப்பிடுவார். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போனவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஆள் மாறிக் கைகாட்டிய சாட்சி, அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அதில் ஒரு ஆலைத் தொழிலாளிக்கு, வேலைக்கு வராத நாளில் கார்டு அடித்துவைத்தவன் அவனுடைய நண்பன். அந்தப் பக்கத்தை அவள் திரும்பப் படித்தாள். அப்பாவின் கிடங்கிலும் ஒருவர் கார்டை இன்னொருவர் அடிப்பது சகஜம். அப்பாவுக்கு முந்தைய ஷிப்ட் சித்தப்பாவுடையது.

அப்பாவிடம் கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் கைகாட்டினா அவன் உள்ளே போயிருப்பான். அவனே எழுந்து சொல்லுவான்னு இருந்தேன். ஒரு வாய்தா விடாம வந்தான், பாப்பா. எனக்கு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தான்."

போன மாதம் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று, கார்டு விஷயம் பேசணும் என்றாள். "அண்ணன் உடம்பு தேறட்டும், வந்து சொல்றேன்," என்றார்.

இப்போது வெளியே நாற்காலிகளில் அப்பாவின் பழைய கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். "வண்டிக்காரன் இன்னும் வரலயா? மனுசன் ஒரு நாள் லேட்டா வேலைக்கு வந்ததில்ல. அவரைப் போய்க் காக்க வைக்கிறானுங்க," என்றார் ஒருவர். இன்னொருவர் சிரிப்பை இருமலாக்கினார். அம்மா அடுப்படியிலிருந்து வரவேயில்லை.

"சித்தப்பா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அப்பா கார்டை அடிச்சது நீங்கதானே?"

அவர் துணியின் சுருக்கத்தை நீவினார்.

"கொஞ்சம் லேட்டா வருவார்னு நெனச்சேன். சம்பளம் பிடிச்சுடுவானேன்னு, என் கார்டை அடிச்ச கையோட... ஒரு உதவிதான் பாப்பா. எல்லாருந்தான் செஞ்சோம்."

"அத கோர்ட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"கடைசியா வெளிய வந்தவன் நான். போலீஸ்காரன் என்னத் தூக்கிட்டுப் போயிருப்பான். அப்பத்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு."

"இப்ப சொல்லுங்க. செத்தவங்க கேஸையும் திரும்ப எடுத்திருக்காங்க, நான் படிச்சிருக்கேன். சொல்ல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

"இன்னிக்கா இதெல்லாம்? அண்ணன் முன்னாடி வெச்சு?"

"உடம்பு தேறட்டும்னீங்க. இனிமே அவர் உடம்புக்கு ஒண்ணும் வராது, சித்தப்பா. வெளிய உக்காந்திருக்கவங்ககிட்ட மட்டும் முதல்ல சொல்லுங்க. கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டே அவரைத் தூக்க வேண்டாம்."

சித்தப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தாடையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை எடுத்தார். எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

வாசலில் நின்று, குனியாமலே, குதிகால் மிதிபடச் செருப்பை மாட்டினார். வண்டியைப் பார்க்கத்தான் போகிறார் என்று நாற்காலியில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் அவர்களுக்கு நடுவே நடந்து, தெருமுனை திரும்பி மறைந்தார்.