சாய்மாவின் அளவு

அளவெடுக்க வேண்டாம் என்று வஜீஹாதான் சொன்னாள். நூல்கண்டும் கையுமாக நின்ற நஸ்ருன்னிசாம்மா அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். திருவல்லிக்கேணியில் எந்த வீட்டில் பெண் மையத்து விழுந்தாலும் உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“தலையிலேர்ந்து கால் வரைக்கும் நூல் புடிச்சுப் பாத்துட்டு வெட்டுறதுதாம்மா வழக்கம்.”

“என் தங்கச்சி அளவு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆவுற வரைக்கும் என் ஜாக்கெட்ட அவ போட்டா, அவ ஜாக்கெட்ட நான் போட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு.”

கதவோரம் நின்றிருந்த அன்புக்கரசி மெல்ல வாயைத் திறந்தாள். “அக்கா, போன வாரம் நான்தான் அவளுக்கு நைட்டிய சின்னதா புடிச்சுத் தச்சேன். அளவு எங்கிட்ட கீது...”

“நைட்டி இல்லம்மா இது, கபன். நான் பாத்துக்கறேன்.”

அன்புக்கரசி மாடி வீட்டுக்காரி. இறந்துபோன சாய்மாவோடு இத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து தைத்தவள். விடிகாலையில் சாய்மாவின் உயிர் பிரிந்தபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். கூட இருந்த இன்னொருத்தன் ஷோயப், வஜீஹா பெற்ற பிள்ளை. அக்காக்காரிக்குப் போனில்தான் தகவல் வந்தது. இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்குப் போன்! அந்த எரிச்சல் முழுவதும் வஜீஹாவின் கத்தரிக்கோலில் இருந்தது. வெள்ளைத் துணி சரசரவென்று பிளந்துகொண்டு போனது. கபனுக்குத் தையல் கிடையாது, வெட்டோடு சரி. பெண்ணுக்கு ஐந்து துண்டு. முப்பது வருஷமாக ஊரார் ரவிக்கைகளை வெட்டிய கை, கோணாமல் வெட்டி அடுக்கியது.

வாசலில் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் திரை விலகும்போதெல்லாம் வெளித் திண்டின் மேல் வரிசையாக இருந்த பைகள் வஜீஹாவின் கண்ணை உறுத்தின. பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் காலை வெட்டி, அடியை மூடி, வாயில் நாடா போட்டுத் தைத்த செருப்புப் பைகள். பள்ளிவாசலில் செருப்பு காணாமல் போகிறது என்று ஹனீஃபா ஒருநாள் அலுத்துக்கொள்ள, புருஷனுக்கென்று சாய்மா ஒன்று தைத்துக் கொடுத்தாள். அடுத்த ஜும்மாவுக்குள் தெருவே அவளைத் தேடி வந்துவிட்டது. இன்றைக்கு அவளுடைய மையத்துக்கு வந்தவர்களும் அவள் தைத்த பையில் செருப்பைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். செத்த பிறகும் ஒருத்திக்கு இவ்வளவு விளம்பரமா என்று வஜீஹாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் ஒன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை.

மெஷினில் நூல் கோக்க சாய்மாவுக்குக் கற்றுக் கொடுத்ததே அக்காதான். ஆனால் பேர் வாங்கியது தங்கை. மேன்ஷன்களில் தங்கியிருந்த பையன்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது பழைய ஜீன்ஸ்களை மூட்டையாகக் கட்டி இவள் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். சாய்மா அவற்றைத் துவைத்து, தையலைப் பிரித்து, தடித்த மூட்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தட்டையாக்குவாள். தட்டாமல் தைத்தால் ஊசி படக்கென்று உடையும். அந்த டொக் டொக் இரண்டு தெருவுக்கும் கேட்கும். பை, தலையணை உறை, சமையல்கட்டில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன், சுவரில் மாட்டும் பாக்கெட் வரிசை என்று என்னென்னவோ வந்தது. மயிலாப்பூரில் ஒரு கடையில் தொங்கவிட்டிருந்தார்கள். பேட்டி எடுக்கக்கூட ஒரு பெண் வந்தாள். வஜீஹா தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், அவளை யார் பேட்டி எடுத்தார்கள்?

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். பேர் போனால் போகிறது. பிள்ளையை எடுத்துக்கொண்டாளே, அதைத்தான் வஜீஹாவால் விழுங்க முடியவில்லை. சாய்மாவுக்குப் புருஷன் இருந்தான், சொந்த வீடு இருந்தது, குழந்தை மட்டும்தான் இல்லை. வஜீஹாவுக்கோ புருஷன் போனபின் ஷோயப்தான் எல்லாம். அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டால் என்ன நியாயம்? ஹனீஃபாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, சாய்மாவை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தது. வாரம் ஒருநாள் போனவன் பிறகு தினமும் போனான், கடைசியில் துணிமணியோடு சின்னம்மா வீட்டிலேயே தங்கிவிட்டான்.

“அவளுக்கு உன்ன வுட்டா ஆளே இல்லியாடா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நீயும் வாம்மா. உன்ன யார் வரவாணாம்னாங்க?”

அவ்வளவுதான், அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. மகன் கூப்பிட்டுத் தங்கை வீட்டுக்குப் போக வேண்டுமா? தங்கை கூப்பிடட்டும். சாய்மா போனில் பேசினாள், சிரித்தாள், ரம்ஜானுக்கு வாழ்த்து சொன்னாள். வா என்று மட்டும் சொல்லவில்லை. வஜீஹாவும் போகவில்லை. மழை வந்தது, வெயில் வந்தது, அப்படியே நாள் ஓடிவிட்டது.

பின்கட்டில் நாலு பக்கமும் போர்வை கட்டி, உள்ளே பலகை போட்டுச் சாய்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மேலே போர்த்தியிருந்த துணிக்கு அடியில் கைவிட்டுத்தான் நஸ்ருன்னிசாம்மா கழுவினார். வஜீஹா தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நனைந்த துணி உடம்போடு ஒட்டியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, அடியில் உடம்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை. தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனை. இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு முனை. செம்பைப் பிடித்த கை நின்றுவிட்டது.

“ஊத்தும்மா” என்றார் நஸ்ருன்னிசாம்மா.

ஊற்றினாள். சாய்மாவின் கை துணிக்கு வெளியே வந்து விழுந்தது. விரல்நகங்கள் ஒட்ட வெட்டி, ஓரம் தேய்த்து, குழந்தையின் நகம் மாதிரி சுத்தமாக இருந்தன.

“நகம் வெட்டுற வேலகூட நமக்கு வெக்கலியே” என்றார் நஸ்ருன்னிசாம்மா. “யாரு வெட்டிவுட்டது?”

“ஷோயப் தம்பிதான்” என்று வெந்நீர் வாளியோடு போர்வைக்கு வெளியே நின்ற அன்புக்கரசியின் குரல் வந்தது. “ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும்.”

அழுகை நெஞ்சு வரை வந்திருந்தது வஜீஹாவுக்கு. இந்த ஒரு வார்த்தையில் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா? அம்மாவின் நகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியுமா? தையல் ஊசி ஏறி ஏறிக் கறுத்துப்போன தன்னுடைய ஆள்காட்டி விரலை அவள் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

துடைத்து முடித்து, பாயில் விரித்திருந்த கபனில் சாய்மாவைத் தூக்கி வைத்தார்கள். தூக்க இரண்டு பேர்கூடத் தேவைப்படவில்லை. சட்டைத் துண்டைத் தலைவழியாகப் போட்டதும் கழுத்து நழுவித் தோளுக்குக் கீழே போய் நின்றது. நீளம் பாதத்தைத் தாண்டிப் பாயில் கிடந்தது. நஸ்ருன்னிசாம்மா துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

“யாரு அளவும்மா இது?”

அது யாருடைய அளவு என்று வஜீஹாவைப் பார்த்தாலே தெரிந்தது. அன்புக்கரசி போர்வையை விலக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். சொல்லாமல் போனதுதான் அறைந்த மாதிரி இருந்தது.

“பெருசா போனா தப்பில்ல. சின்னதா போனாத்தான் கஷ்டம்” என்று நஸ்ருன்னிசாம்மா மிச்சத் துணியைச் சுற்றிச் சுற்றி உள்ளே மடித்தார். “கடைசியா எப்பம்மா பாத்தே இவள?”

“பாத்துக்கினுதான் இருந்தேன்” என்றாள் வஜீஹா.

மாலை அஸர் தொழுகைக்கு, மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கண் மங்கிய ஹனீஃபாவை ஒருவர் கைபிடித்து நடத்திப் போனார். முன்பக்கம் தோள் கொடுத்தவன் ஷோயப். அப்பா மையத்துக்குக்கூட அவன் இப்படி அழவில்லை என்று வஜீஹா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது அவன் சின்னப் பையன் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. காலையிலிருந்து அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே ஒரு தரம் வந்து, “அம்மா, கற்பூரம் எங்க?” என்று கேட்டுவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

ஆண்கள் போனதும் வீடு காலியான மாதிரி ஆனது. கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிறவள்போல வஜீஹா புர்காவை மாட்டிக்கொண்டாள், ஆனால் கால் தையல் அறைக்குப் போனது. அங்கே அன்புக்கரசி துணிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மெஷினின் மேல் நீல ஜீன்ஸ் ஒன்று பாதி பிரித்த நிலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கால்கள் இரண்டும் தனித்தனியாக, இடுப்புப் பட்டையும் பொத்தானும் மட்டும் இன்னும் அப்படியே.

“இது யாருது?”

“ஷோயப் தம்பிது அக்கா. காலேஜுக்குப் போட்டுக்கினு போனது. ஒடம்பு தேறுனா இத வெச்சு தம்பிக்கு ஆபீஸ் பை தைக்கணும்னு பிரிச்சா. முடியல. மடியில வெச்சுக்கினு தடவிக்கினே இருப்பா.”

வஜீஹாவுக்கு அந்த ஜீன்ஸ் தெரிந்தது. தி.நகரில் ரம்ஜான் கூட்டத்தில் இடிபட்டு அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். அளவு பார்க்க அவன் உள்ளே போனபோது அறைக்கு வெளியே அவன் செருப்புக்குக் காவல் நின்றதும் அவள்தான். இப்போது இது யார் மடியில் கிடந்திருக்கிறது பார்!

“நாஷ்டா கூட துண்ணல நீங்க. டீ போட்டாறேன், இருங்க” என்று அன்புக்கரசி மாடிக்குப் போனாள்.

வஜீஹா ஒருமுறை கூடத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு அந்த ஜீன்ஸை எடுத்துப் புர்காவுக்குள் நுழைத்து, பாவாடை நாடாவில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். வாங்கியவள் நான், பெற்றவள் நான், இதிலாவது அவளுக்குப் பங்கு வேண்டாம் என்று மனசு அடித்துச் சொன்னது. கபனில் போனவளிடம் போய்ப் பங்கு பிரிக்கிறோமே என்று அதே மனசு இன்னொன்றும் சொன்னது. அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். ஷோயபின் பேண்ட்டில் முழங்கால் வரை மண். கை கால் கழுவிவிட்டு நேராகத் தையல் அறைக்குத்தான் போனான். மெஷினின் மேல் பார்த்தான், கூடையைக் கவிழ்த்தான், அலமாரியைத் திறந்து மூடினான்.

“அன்புக்கா, சின்னம்மா பிரிச்சு வெச்சிருந்த ஜீன்ஸ் எங்க?”

“மெஷின் மேலதான தம்பி இருந்துச்சு...” டீ டம்ளரோடு நின்ற அன்புக்கரசியின் பார்வை வஜீஹாவின் பக்கம் வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு டம்ளருக்குப் போய்விட்டது. “தெரியல தம்பி. நெறைய பேர் வந்து போனாங்க.”

“அம்மா, நீ பாத்தியா?”

“நான் பாக்கலியேப்பா.”

அவன் அலமாரியில் சாய்ந்து நின்றான். “அத தைக்கவே வாணாம். அவங்க பிரிச்சா மாதிரியே வெச்சுக்கலாம்னு பாத்தேன்மா” என்றான். நாலு எட்டு வைத்து வந்து, தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் தலையைப் போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

எத்தனை நாளாக இதற்குத்தானே காத்திருந்தாள்! வஜீஹாவின் கை தானாக அவன் தலைமுடிக்குள் போனது. மண்ணும் கற்பூரமுமாக வாசனை வந்தது. அவன் முகத்தைத் திருப்பினான், மறுபடியும் திருப்பினான்.

“இன்னாம்மா உள்ள? கன்னத்துல குத்துது.”

“பாவாட முடிச்சுடா. படு.”

அவன் தலையைக் கொஞ்சம் நகர்த்திப் படுத்துக்கொண்டான். வஜீஹா புர்காவுக்கு மேலாகக் கட்டைவிரலை வைத்து, பொத்தான் மேலே எழும்பாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கால் மரத்துப்போனது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்த பிறகும் அவள் அசையவில்லை.