ஈரத்துக்கு மூன்று கிராம்

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு வைகாசி மாதம், காஞ்சிபுரத்தில் பட்டு நூல் கடை வைத்திருக்கும் அக்பர் பாயின் தராசு, வெளியே போய் வருகிறவர்கள் கூடவே கொண்டுவரும் நோயை நிறுக்கத் தொடங்கியது. கருட சேவை வீதிக்கு வராத வருடம் அது. தட்டில் எதையும் வைக்க வேண்டியதில்லை. வந்தவர் தராசுக்கு ஒரு முழம் தள்ளி நின்றால் இடப்பக்கத்துக் காலித் தட்டு இறங்கும். வலப்பக்கத்தில் எடைக்கல் வைத்து முள்ளை நேராக்கினால் விவரம் தெரிந்துவிடும். பால் வாங்கி வந்தால் எட்டு கிராம். ரேஷன் கடை வரிசை நாற்பது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் இருநூற்றுப் பத்து. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குப் போய் வந்து, சும்மா வேடிக்கைக்கு நின்று பார்த்தார். நானூற்று இருபது காட்டியது. நான்காம் நாள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் தராசோடு வாதம் செய்யவில்லை.

அக்பருக்கு அந்தத் தராசு தேவைப்பட்டது. அவர் மனைவி ரசியாவுக்கு இருபது வருடமாக வீசிங். பனிக்காலத்தில் இரண்டு படி ஏறினாலே நெஞ்சு விசிலடிக்கும். இவளுக்கு வந்தால் தாங்காது என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். ஆகவே அக்பர் ஒரு சட்டம் போட்டார். வீட்டின் முன்கட்டு கடை, பின்கட்டு குடித்தனம். கடையில் நின்று எடை பார்க்க வேண்டும். நூறு கிராமுக்குள் இருந்தால் பின்கட்டுக்குப் போகலாம். மேலே ஒரு கிராம் இருந்தாலும் எதிரிலிருக்கும் நூல் கிடங்கில்தான் படுக்கை, எடை இறங்கும் வரைக்கும். கம்பெனி வேலைக்குப் போய் வந்த மகன் பாசில் அந்த ஒரு வருடத்தில் பாதியைக் கிடங்கில் நூல் மூட்டைகளுக்கு நடுவே கழித்தான். ரசியா வாசற்படியில் தட்டை வைத்துவிட்டு, "எடுத்துக்கப்பா, ஜெயில் சோறு வந்துட்டுது" என்பாள்.

நூறு என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஒரே ஆள் ஹயக்ரீவன் சார். சின்ன காஞ்சிபுரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் ஒருமுறை முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு எடை பார்க்க வருவார்.

"நூறுன்னு யார் சொன்னா, பாய்? கவர்ன்மென்டா?"

"நான்தான் சார் வெச்சேன்."

"ஏன் தொண்ணூறு இல்ல?"

"தொண்ணூறுக்குத் தனிக் கல்லு இல்லையே சார்."

சார் எடைக்கல் டப்பாவை எட்டிப் பார்த்தார். பிறகு, எல்லை எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, அது நகராமல் இருப்பதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு, தன்னுடைய இருபத்தாறு கிராமோடு வீட்டுக்கு நடந்தார்.

எல்லை நகரவில்லை. கார்த்திகை மழையில் ஒருநாள் பாசில் தெப்பமாக நனைந்து வந்து நின்றான். நூற்று இரண்டு. பட்டு நூல் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை நாளில் நூல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கனக்கும். அதனால் நூறுக்கு மூன்று ஈரத்துக்கென்று தள்ளித்தான் எடை சொல்வார்கள். பாசில் அதைத்தான் கேட்டான். "மழை அத்தா. ஈரத்துக்குத் தள்ளுங்க."

"ஆள் என்ன பட்டாடா, ஈரத்துக்குத் தள்ள? போ, கிடங்குல படு" என்றார் அக்பர்.

அந்த மாதமே தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட மகள் கௌசருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரை மணி நேர பஸ் பயணம். ரசியா இரண்டு முறை புர்காவைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள். பஸ், பிரசவ வீடு, பார்க்க வருகிற சனம் என்று அக்பர் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, முந்நூறுக்குக் குறையாது என்றார். ரசியா புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குழந்தையைப் போனில்தான் பார்த்தாள். குப்புற விழுந்ததைப் பார்த்தாள், தவழ்ந்ததைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் பதினோரு சின்னக் குல்லாய் தைத்து வைத்தாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சுற்று பெரியது.

அடுத்த வருடம் மே மாதம் இரண்டாம் அலையில் அக்பரின் அண்ணன் உஸ்மான் இறந்துபோனார். நோயால் அல்ல, மாரடைப்பு என்று சொன்னார்கள். அந்த மாதத்தில் யார் எதனால் போனார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. போகாதீர்கள் என்று ரசியா சொல்லவில்லை. கூடப் பிறந்தவரின் மய்யித்துக்குப் போகாமல் எந்தத் தராசைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. அக்பர் மொபெட்டில் போனார். கபரில் மண் தள்ளும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. ஏனாத்தூர் தாண்டி வரும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூன்று மணிக்குக் கடைக்குள் நுழைந்து தராசுக்கு எதிரில் நின்றார். உள்ளே ரசியா இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது.

பாசில் அன்று நூற்று எண்பதோடு கிடங்கில் இருந்தான். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தான். அத்தா நூறு கிராம் கல்லை வைத்தார். முள் நேராகவில்லை. ஒரு கிராம் கல் ஒன்று வைத்தார், இரண்டு வைத்தார், மூன்றாவது வைத்தபோது முள் நின்றது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு மூன்று சின்னக் கல்லையும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"எவ்ளோ அத்தா?"

"நூறு. மீதி ஈரம்பா."

ஆள் என்ன பட்டா என்ற வார்த்தை பாசிலின் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன், ஒரு டீ குடித்து, தன் பாயில் படுக்கட்டுமே என்று அதை விழுங்கினான். அக்பர் உள்ளே போனார்.

அவருக்கு ஒருநாள் உடம்பு வலி, அவ்வளவுதான். ரசியாவுக்கு ஐந்தாம் நாள் இழுப்பு கண்டது. ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. ஒன்பதாம் நாள் நர்ஸ் ஒருத்தி போனை அவள் காதருகே பிடித்துக் கொடுத்தாள்.

"சாப்டீங்களா?"

"ம். பாசில் கஞ்சி வெச்சான்."

"ஏங்க, அன்னிக்கு எவ்ளோ இருந்துது?"

அக்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நூறு" என்றார்.

"அப்போ கணக்கு சரியாத்தான் இருந்துக்குது. உங்க மேல ஒண்ணுமில்ல. அல்லா குடுத்தது" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, குல்லாயில் பெரியதை முதலில் கொடுங்கள், சின்னது இனிமேல் சேராது என்றாள். பதினோராம் நாள் இறந்தாள். வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பிள்ளைகள் அடக்கம் செய்தார்கள். பத்தடி தள்ளி நின்ற அக்பருக்கும் பாசிலுக்கும் முகம் காட்டப்படவில்லை.

நாற்பது நாள் கழித்துக் கடை திறந்தார்கள். அதற்குள் தராசு வெளியே போய் வருகிறவர்களை நிறுப்பதை விட்டிருந்தது. நூல் வாங்க வந்த நெசவாளி மாணிக்கவேல், காலித் தட்டு இறங்கியிருப்பதைக் காட்டினார். அக்பர் ஒரு கிராம் கல் மூன்று வைத்தார், நேரானது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது தட்டு தானாக மேலே ஏறியது. ஹயக்ரீவன் சார் வரவழைக்கப்பட்டார். கடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்த்தார். அக்பரைக் குளித்துவிட்டு வரச் சொன்னார், சட்டையை மாற்றச் சொன்னார், கையில் ஒரு பூனையைக் கொடுத்து நிறுத்தினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்ககிட்டதான் இருக்கு, பாய். மூணு கிராம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார். என்ன மூணு கிராம் என்று அவர் கேட்கவில்லை. பாசில் நூல் கட்டைப் பிரிக்கிற வேலையில் இருந்தான், தலையைத் தூக்கவில்லை.

எல்லோருக்கும் ஊசி வந்தது, பஸ்கள் நிரம்பின, கருட சேவைக்குச் சனம் மறுபடியும் தெருவை அடைத்தது. மற்றவர்கள் யார் வந்து நின்றாலும் தராசு அசைவதில்லை. ஆகவே கடையில் புது வழக்கம் ஒன்று ஏற்பட்டது. பாசில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு எடை போடுகிறான். எடைக்கல் டப்பாவைத் திறந்ததும் அக்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டிக் கிடங்கு வாசலில் போய் நிற்பார். நூல் வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியும். "பாய் வெளிய போயிட்டாரா? சரி, போடு" என்பார்கள். தென்னேரியிலிருந்து வரும் பேத்தி மட்டும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போய் நிற்கும், குல்லாய் போடாத தலையோடு. பெரியதுகூட அதற்குச் சேரவில்லை.

போன ஐப்பசியில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மழை கொட்டியது. அன்று கிடங்கு பூட்டியிருந்தது, சாவி கடையில். அக்பர் நனைந்துகொண்டே நின்றார். "யோவ் பாசிலு, உங்கப்பாவ உள்ள கூப்டுயா, சளி புடிச்சிக்கப் போவுது" என்றார் மாணிக்கவேல். அக்பர் உள்ளே வந்து தராசுக்கு எதிரில் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தட்டு இறங்கியது. பாசில் ஒரு கல் வைத்தான், இரண்டு வைத்தான், மூன்றாவது வைத்தபோது முள் நின்றது. நான்காவது கல்லை விரலில் பிடித்தபடி காத்திருந்தான். முள் அசையவில்லை. ஈரத்துக்கு ஒன்றுமில்லை.

இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்பர் சாவியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். பாசில் மூன்று கல்லையும் டப்பாவில் போட்டான். மாணிக்கவேலின் நூலை நிறுத்து, மழை நாள் என்பதால் நூறுக்கு மூன்று தள்ளிச் சொன்னான்.