ஆற்றை இன்னும் மூடவில்லை

பொறுமையுள்ளவர்களுக்கு மீன் கிடைக்கிறதாம்... யாருக்குக் கிடைத்தது, எங்கே, ஒருத்தன் பெயரையாவது சொல்லட்டுமே, என்று ராய்ஸ் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தான், கவிழ்த்த வேகத்தில் காபி தளும்பிச் சட்டையில் கொட்டியது, அதற்கும் சேர்த்து டெட்ரிக்கைத் திட்டினான். பாலத்தடியில் தூண்டில் கடை வைத்திருக்கிற டெட்ரிக் காலைதோறும் எழுதுகிற ஆற்று நிலவரம் கோடை முழுக்க ஒரே பாட்டுத்தான், தண்ணீர் கொஞ்சம் குறைவு, கொஞ்சம் சூடு, விடியலில் இறகில் செய்த சின்னப் பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் கட்டி வீசினால் பலன் உண்டு... என்ன கொஞ்சம்? மலையில் பனி சரியாக விழவில்லை, மழை எட்டிப் பார்க்கவில்லை, காட்டுத்தீப் புகையில் மொன்டானாவே இருமுகிறது, ஆறு எலும்பு தெரியக் கிடக்கிறது, மீன்பிடிக்கத் தடை போட்டு ஆற்றை மூடிவிட்டார்கள், யாரும் வராதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் இவன் கை என்ன தேய்ந்தா போகும்? "அவன் கடை நடத்துறான் ராய்ஸ், சாவுச் சேதியா எழுதுவான்?" என்ற அவன் மனைவி நடீன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ராய்ஸின் அண்ணன் ஆர்லன் வசந்தத்தில்தான் மனைவி ஜோவானைப் புதைத்திருந்தான், வழக்கம்போல ஆகஸ்டில் ஒரு வாரம் மீன்பிடிக்க மினசோட்டாவிலிருந்து நாளை கிளம்புகிறான். "வராதேன்னு நீயே சொல்லிடேன், உனக்கும் வாய் இருக்குல்ல?" இருக்கிறது, எதற்கு இருக்கிறது...

வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கே போனான், போகாமல் இருந்திருக்கலாம். முழங்கால் அளவு ஓடவேண்டிய இடத்தில் கணுக்கால்கூட நனையவில்லை, கற்களில் பச்சைப் பாசி முடியாய்த் தொங்கியது, வெப்பமானியைத் தண்ணீரில் வைத்தால் காலையிலேயே அறுபத்தொன்பது டிகிரி பாரன்ஹீட், குளிர்நீர் மீனுக்கு அதுவே கொதிப்பு, மதியத்துக்குமேல் தூண்டில் போடத் தடையாம், இப்போது மட்டும் போடலாமா? குளிர்ந்த ஊற்று கலக்கிற மூலையில் டிரவுட் மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாய் பிளந்து கிடந்தன, நிழல் விழுந்தும் ஓடவில்லை, இதுகளைத் தூண்டிலில் இழுத்துச் சிரித்துப் படம் எடுக்க வேண்டுமாம் பொறுமையுள்ளவர்கள். ஜோவானின் அடக்கத்துக்குப் போனபோது அண்ணனைத் தோளில் தட்டிக்கொடுத்தான், 'ரோடெல்லாம் நல்லா இருந்துச்சு' என்றான், வேறு என்ன சொல்வது, இத்தனை வருஷமாக ஆற்றில் அவன் மேல்புறம், இவன் கீழ்ப்புறம், நடுவில் ஒரு தூண்டில் வீச்சு தூரம், மாலையில் என்ன பூச்சி கட்டினாய் என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான் பேச்சு, அது போதும் என்றுதான் இருந்தது... அப்படியானால், ஆற்றை மூடியாகிவிட்டது என்று டெட்ரிக் எழுத வேண்டும் எனக் காத்திருந்தது மீனுக்காகவா? வராதே என்று தன் வாயால் சொல்லாமல் தப்பிக்கவா? சே, என்று ஒரு கல்லை உதைத்தான், கால்தான் வலித்தது.

அங்கேயே நின்று அண்ணனை அழைத்தான். "ஆர்லன், இங்க ஆறு சரியில்ல."

"தெரியும்டா. அந்த டெட்ரிக் பய எழுதறதைத் தினமும்தான் படிக்கிறேன். 'கொஞ்சம் சூடு'ன்னு எப்ப எழுதுறானோ அப்பவே மீன் வெந்துடுச்சுன்னு அர்த்தம்."

"தெரிஞ்சுமா கிளம்புறே?"

"ம். தூண்டில் கோலு எடுத்துட்டு வரலைடா."

"அப்ப வந்து என்ன பண்றது?"

அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அங்கேயும் புகையோ என்னவோ. "தெரியல ராய்ஸ். இந்த வீடு ரொம்ப அமைதியா இருக்கு. உங்க வீட்டு வராந்தாவுல ஒரு நாற்காலி போட மாட்டியா?"

"போடறேன், வா" என்று சொல்லிவிட்டான், சொன்னபிறகும் எரிச்சல் தீரவில்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நாற்காலி இரண்டும் எதிரெதிரே போடுவதா, தெருவைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் போடுவதா... ஆர்லனைத் தொப்பியை வைத்து, தோள் சரிவை வைத்து, ஆற்றின் எந்த வளைவிலிருந்தும் அடையாளம் சொல்வான். அவன் கண் என்ன நிறம்? நீலமா, அம்மாவுடையதைப் போலப் பழுப்பா? வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தும் நினைவுக்கு வரவில்லை.