உடைக்கச் சொன்ன மிக்ஸிகள்

ஆடித் தள்ளுபடியில் பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புதிது வாங்கியவர்கள் விட்டுப்போனதெல்லாம் அரியமங்கலத்தில் என் ரிப்பேர் பட்டறைக்கு வந்து இறங்கியது. கூடவே ஒரு சுத்தியலும் வந்தது. பட்டறைக்காரியிடம் இல்லாத சுத்தியலா? கடைக்காரர்களுக்கு அவ்வளவு கரிசனம்.

ஒவ்வொரு மிக்ஸியின் நம்பரையும் போனில் காட்டி, அதை அடித்து உடைத்து, வீடியோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ரிப்பேர் பார்த்து விற்றுவிடுவார்களாம், புதிது விற்காதாம். இதையெல்லாம் அனுப்பிய, சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் கடைதான் வருஷம் முழுக்க எனக்கு வாரண்டி வேலை தருகிறது. அது நின்றால் என் வீட்டிலும், என்னோடு வேலை பார்க்கும் பானுப்ரியா வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு சுத்தியலை எடுத்தேன்.

முதல் மிக்ஸியைக் கவிழ்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. அடியில் உள்ள சிவப்புப் பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஜாரை முட்ட முட்ட அடைத்து அரைத்தால் மோட்டார் எரிந்துபோகாமல் இருக்க அந்தப் பட்டன் தானே வெளியே வந்து மிக்ஸியை நிறுத்திவிடும். ஆறவிட்டு உள்ளே அமுக்கினால் மறுபடி ஓடும். நம் ஜனங்களுக்கு ஆயுத பூஜைக்கு மிக்ஸியைத் துடைத்துப் பொட்டு வைக்கத் தெரியும், கவிழ்த்துப் பார்க்கத் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

அமுக்கிவிட்டு ப்ளக்கைச் செருகினேன். ஓடியது. அடுத்ததும் ஓடியது. பாதிக்கு மேல் இதே கதைதான்.

"நல்லா ஓடுறதை எப்படிக்கா உடைக்கிறது?" என்றாள் பானுப்ரியா.

"உடைச்சா எங்க போகும்னு நினைக்கிறே? செம்பை உருவிக்கிட்டு மிச்சத்தை இங்க பக்கத்துக் குப்பைக் கிடங்குல கொட்டுவாங்க. அது பத்திக்கிட்டா இருமப்போறது நீயும் நானும்தான்."

"உடைக்கலன்னா வேலை போயிடுமே."

போனால் போகட்டும் என்று வீராப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்ல பொருளை அடித்து நொறுக்கக் கை எழவில்லை.

வீடியோ எடுத்தேன். நம்பரைக் காட்டினேன், பட்டனை அமுக்கினேன், மிக்ஸியை ஓடவிட்டேன். ஆனால் கம்பெனிக்கு அனுப்பவில்லை. ஒவ்வொரு மிக்ஸியிலும் அதைக் கொடுத்தவரின் போன் நம்பரைக் கடைக்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்கே அனுப்பினேன். உங்கள் மிக்ஸி கெடவில்லை, உடைக்கப் போகிறார்கள் என்று பட்டறை விலாசத்தோடு எழுதியும் விட்டேன்.

மறுநாள் காலையிலேயே கடை மேனேஜர் இளவரசன் பைக்கில் வந்துவிட்டார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? இதெல்லாம் எங்க கடைப் பொருள்."

"உங்க பொருள்னா எதுக்குத் தம்பி உடைக்கச் சொல்றீங்க?"

"இனிமே ஒரு வாரண்டி வேலையும் உங்களுக்குக் கிடையாது. நானே உடைச்சுக்கறேன்," என்று அவர் சுத்தியலை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் மயிலம்மாள். காந்தி மார்க்கெட்டில் இஞ்சி பூண்டு விழுது அரைத்து விற்பவர், நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்து வந்தவர். கையில் புது மிக்ஸிப் பெட்டி. நான் அவருடைய பழைய மிக்ஸியை ஓட்டிக் காட்டினேன்.

"மோட்டார் போயிடுச்சுன்னு உங்க கடையிலதானே சொன்னாங்க?" என்று இளவரசனிடம் கேட்டார்.

"செக் பண்ணித்தான் சொல்லியிருப்பாங்கம்மா."

"கவுத்துப் பாத்தாங்களா?"

மயிலம்மாள் புதுப் பெட்டியைக் கொண்டுபோய் பைக் சீட்டில் வைத்தார்.

"இதை எடுத்துட்டுப் போங்க. என்னோடது எனக்குப் போதும்."

"வித்ததைத் திருப்பி எடுக்க முடியாதும்மா."

"அப்ப இதை உடைங்க. நல்லா ஓடுறதை உடைக்கிறதுதானே உங்க பழக்கம்."

இளவரசன் உடைக்கவில்லை. சட்டைப்பையில் அவருடைய போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பேருக்குக்கா அனுப்பினீங்க?"

"ஓடுற மிக்ஸிக்காரங்க அத்தனை பேருக்கும்," என்றேன். வேலை போன பயம் அப்படியேதான் இருந்தது. தெருமுனையில் இன்னொரு ஆட்டோ திரும்பியது.